அம்மன் திருப்பிக் கேட்டா

நம்புறவங்க நம்புங்க. நம்பாதவங்க தென்காசி ரோட்டுல பஸ் ஏறி நத்தக்குளம் வெலக்குல எறங்கி, எபநேசர் அண்ணாச்சி கடையில ஒரு டீ சொல்லிப் பாருங்க. அவரு நொறை பொங்க ஆத்தி ஆத்தி ஊத்துவாரு, ஊத்திக்கிட்டே இருப்பாரு, கிளாஸு நெறையாது, பாதிக்கு மேல ஒரு சொட்டு ஏறாது, கீழயும் சிந்தாது, ஊத்துன டீ எங்கதான் போகுதுன்னு நீங்க குனிஞ்சு பாப்பீங்க, பக்கத்து பெஞ்சுல இருக்குற எங்க ஊர்க்காரரு பேப்பர்ல இருந்து தலையத் தூக்காமலே "அது அப்படித்தான், குடிங்க"ன்னு சொல்லுவாரு. அந்த "அது அப்படித்தான்" எங்க இருந்து வந்துச்சுன்னு சொல்லத்தான் ஒக்காந்திருக்கேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல கெடைக்குற நேரத்துல டைப் அடிக்கேன், அங்கங்க மூச்சு முட்டும், பொறுத்துக்கோங்க.

எங்க ஊருல யாரும் எந்த முடிவும் எடுத்தது கிடையாது. குளக்கரையில அம்மன் இருக்கா, அவகிட்ட பூக் கட்டிப் போட்டுக் கேட்டுக்கிடுவோம். ஒரு பூவரச எலைக்குள்ள வெள்ளைப் பூ, இன்னொண்ணுக்குள்ள செவப்புப் பூ, ரெண்டையும் ஒண்ணு போல மடிச்சு வாழைநாருல கட்டி, உச்சிமாகாளி பூசாரி அம்மன் காலடியில போடுவாரு. கண்ண மூடிக்கிட்டு ஒண்ண எடுக்கணும், வெள்ளை வந்தா செய்யி, செவப்பு வந்தா விடு. பொண்ணு குடுக்கலாமா, போர் போடலாமா, ஓடிப் போன ஆடு தெக்கயா வடக்கயா, கத்திரி வைக்கலாமா வெண்டை வைக்கலாமா, பேசாத பங்காளி வீட்டு சாவுக்குப் போகலாமா வேண்டாமா, அத்தனையும் அவ தலையிலதான். அவளும் சலிக்காம சொல்லிக்கிட்டுத்தான் இருந்தா. எத்தனை தலைமொறையா சொன்னான்னு யாருக்குத் தெரியும். அப்புறம் ஒரு வருசம் அம்மன் கொடைத் திருவிழா முடிஞ்ச மறு வெள்ளிக்கிழமை, விடிஞ்சும் விடியாம வாசத் தொளிக்கக் கதவத் தொறந்தா, ஒவ்வொரு வீட்டு நடையிலயும், வீட்டுல எத்தனை தலையோ அத்தனை ஜோடி, பூவரச எலைப் பொட்டலம், வாழைநாருக் கட்டு. அம்மன் திருப்பிக் கேக்க ஆரம்பிச்சுட்டா.

யாருக்கு எந்த ஜோடின்னு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கல, கை தானா அதுக்கு நேரா போச்சு. கட்டு அவுத்து வச்சா ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு சாமான் இருக்கும். ஒண்ணத் தொட்ட ஒடனே மத்தது கண்ணு முன்னாலயே காஞ்சு சருகாப் போயிரும். எங்க வீட்டுல அண்ணன், மதினி, நான், மூணே பேரு. எனக்கு ரெண்டு ரிப்பன். மாவு மில்லு வச்சிருக்குற எங்க சுடலைக்கண்ணு அண்ணனுக்கு ரெண்டு வெத்தலை. வடிவு மதினிக்கு ரெண்டு இட்டிலி, ஆவி பறக்க. எபநேசர் அண்ணாச்சிக்கு ஒண்ணுல இஞ்சி, ஒண்ணுல ஏலக்கா. அவரு ஏலக்காயத் தொட்டாரு, அன்னைக்குப் பூரா ஏலக்காயே போடாத டீ ஏலக்கா மணத்துச்சு.

"நான் ஞாயித்துக்கெழமையானா சர்ச்சு மணி அடிக்கவன்லா, எனக்கு எதுக்குவே ஒம்ம அம்மன் பொட்டலம் வைக்கா?"ன்னு அவரு பூசாரியக் கேட்டாரு.

"அவ என்ன ஒம்ம ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டையா வாங்கிப் பாத்தா? எங்க எல்லைக்குள்ள கதவு இருந்தா கேப்பா. எனக்குத்தான்வே வயித்தெரிச்சல். பூக் கட்டுறது என் வேலை. இப்போ அவளே கட்டுதா. அதுவும் என்னைய விட நல்லாக் கட்டுதா."

அவ்வளவுதான், ஊரு ஆச்சரியப்பட்டது அதோட முடிஞ்சுது. பொட்டலம் எடுக்குறதுக்கு முன்னால வாசல் பெருக்கக் கூடாதுன்னு ஒரு வழக்கம் வந்துச்சு, வெளியூருக்குப் போறவங்க பொட்டலத்த எடுத்துட்டுப் பொறப்படணும்னு ஒரு வழக்கம் வந்துச்சு, பள்ளிக்கூடத்துல லேட்டா வந்த புள்ளைக "பொட்டலம் சார்"னு சொன்னா சார் பேசாம உள்ள விட்டாரு, தெருவுல எதுக்க வர்றவங்க "சாப்ட்டாச்சா"ன்னு கேக்குறத விட்டுட்டு "இன்னைக்கு என்ன வந்துச்சு"ன்னு கேட்டாங்க, மஞ்ச நூலு வந்துச்சு, பழைய பாட்டு வந்துச்சு, மழைக்கு முந்துன மண் வாசம் ஒரு எலையிலயும் மழைக்குப் பெறகு வர்ற வாசம் ஒரு எலையிலயும் வந்துச்சுன்னு, பக்கத்து வீட்டுல என்ன கொழம்புன்னு பேசிக்கிடுற மாதிரி பேசிக்கிட்டாங்க.

எனக்கு மட்டும் தலைகால் புரியல. ஏன்னா இது என் வேலை! உரக்கடை மாடியில எங்க கம்ப்யூட்டர் சென்டர்ல நாங்க நாள் பூரா செய்யுறது இதேதான். எங்கயோ ஒரு கம்பெனி, அவங்ககிட்ட லட்சக்கணக்குல சாமான், அத்தனையையும் ஒருத்தர் முன்னால பரப்பி எது பிடிக்கும்னு கேக்க முடியுமா? முடியாது. அதனால ரெண்டு ரெண்டா படத்துல காட்டுவாங்க, எடதா வலதா, எடதா வலதா, நாங்க அமுக்கிக்கிட்டே இருப்போம். பஞ்சு மெத்தைய விட கோரப்பாய் பிடிக்கும், கோரப்பாய விட கயித்துக் கட்டில் பிடிக்கும்னு ஒருத்தன் சொல்லிட்டான்னா, பஞ்சு மெத்தையா கயித்துக் கட்டிலான்னு அவங்கிட்டக் கேக்கவே வேண்டாம், மிஷினே கணக்குப் போட்டுக்கிடும். அப்படியே நூல் பிடிச்சுப் போனா, அவன் கண்ணுல படாத சாமானக் கூட இது அவனுக்குப் பிடிக்கும்னு சொல்லிரும். அம்மன் அதத்தான் செய்யுதா, ஊருல ஒவ்வொருத்தரையும் படிக்கா, படிச்சு முடிச்சதும் ஒவ்வொருத்தருக்கும் ஆசைப்பட்டதக் குடுக்கப் போறா! நான் கத்திக்கிட்டே தெருத்தெருவா ஓடுனேன். யாரு கேட்டா?

"ஏட்டி கோமு, மாவு தீய்ஞ்சிரப் போவுது, அந்த சுச்ச அமத்து மொதல்ல"ன்னாரு அண்ணன்.

மதினி மட்டும் கேட்டா. வத்தல் திருப்பிப் போட்டுக்கிட்டே, "அப்போ நாம எடுக்குறத வச்சுத்தான் அவ நம்மளத் தெரிஞ்சுக்கிடுதாளா?"ன்னா.

"ஆமா மதினி! நீ இன்னைக்கு எந்த இட்டிலிய எடுத்த?"

"ஒண்ணு பிஞ்சு போயி இருந்துச்சு. அதத்தான்."

"ஏன்?"

"ஏன்னா? நல்லத எப்படிட்டி எடுக்க? தெருவே பாத்துக்கிட்டு நிக்கு."

அங்கதான் எனக்குச் சிக்கல் புரிஞ்சுது. ஏன்னா எங்க ஊருப் பழக்கம் ஒண்ணு இருக்கு. ஒரு வீட்டுக்குப் போனா காப்பியா டீயான்னு கேப்பாங்க, எதுனாலும் சரிம்போம். நாக்கு வறண்டு கெடந்தாலும் இப்பதான் குடிச்சேன்போம். ரெண்டு பழம் நீட்டுனா கன்னிப் போனதத் தொடுவோம், பந்தியில அப்பளம் வந்தா ஒடைஞ்சத எடுப்போம், மீன் கொழம்புல வால் துண்டுதான் எனக்குப் பிடிக்கும்னு நடுத்துண்டப் பாத்துக்கிட்டே சொல்லுவோம். யாரும் சொல்லித் தர்றதில்ல, பால்பல்லு விழுகுறதுக்கு முன்னாலயே வந்துரும். பெருசத் தொட்டவனுக்கு எங்க ஊருல பேரு அலந்தவன், திங்கக் காணாதவன். இப்போ அந்தப் பழக்கத்தோட அத்தனை பேரும் நடுத்தெருவுல, பக்கத்து வீட்டுக்காரங்க பாக்கப் பாக்க, பொட்டலம் பிரிச்சாங்க. அத்தனை பேரும் சின்னதத் தொட்டாங்க. பிஞ்சதத் தொட்டாங்க. கன்னிப் போனதத் தொட்டாங்க. அம்மன் பாவம், கல்லுக்குள்ள ஒக்காந்து உத்துப் பாத்து, ஓகோ, இந்தச் சனங்களுக்கு இதுதான் உசுரு போலன்னு படிச்சுக்கிட்டா.

படிச்சு முடிச்சதும் குடுக்க ஆரம்பிச்சா.

கத்திரிக்கா கோலிக்குண்டு அளவுக்கு மேல வளரல. தென்னையில தேங்கா கைக்குள்ள அடங்குனது, ஒடைச்சா உள்ள தண்ணி இருக்கும், பருப்பு இருக்காது. எந்த பஸ்ஸு எங்க ஊரு எல்லைக்குள்ள நொழைஞ்சாலும் ஒக்காருற சீட்டு தானாக் கிழிஞ்சுது, எல்லையத் தாண்டுனதும் தானாத் தச்சுக்கிட்டுது, கண்டக்டருங்க எறங்கி நின்னு பாத்துட்டுத் தலையச் சொறிஞ்சுட்டு விசில் ஊதுனாங்க. கல்யாண மண்டபத்துல ஃபேன எத்தனையில வச்சாலும் ஒண்ணுல வச்ச மாதிரி சுத்துச்சு. எபநேசர் அண்ணாச்சி டீ பாதி கிளாஸுல நின்னு போச்சு. எங்க வீட்டுல நடந்ததுதான் என்னால தாங்க முடியல. மதினி சோறு வடிப்பா, பானையில மல்லிப்பூ மாதிரி நிக்கும், எனக்கும் அண்ணனுக்கும் போடும்போது மல்லிப்பூ மாதிரி விழும், அதே கரண்டியால அதே பானையில இருந்து அவ தட்டுல போட்டா அடிப்பிடிச்ச சோறா விழும். பானையில கருகல் கிடையாது. தட்டுல மட்டும் கருகல்.

"கேட்டுதா! நான் சொன்னேன்லா! நீங்க பொய் சொன்னீங்க, அவ நம்பிட்டா! பிடிச்சத எடுங்க, பிடிச்சத எடுத்தாத்தான் பிடிச்சது வரும்!"னு நான் டீக்கடை பெஞ்சு மேல ஏறி நின்னு கத்துனேன்.

"பாப்பா சொல்லுறது வாஸ்தவந்தான்"னு பூசாரி சொன்னாரு. "நாளையில இருந்து எல்லாரும் பெருச எடுங்க."

"நீரு எடுப்பீரா?"ன்னாரு எபநேசர் அண்ணாச்சி.

"நான் எப்படிவே எடுக்க? பூசாரியே அலந்தவன்னு பேரு வரும்லா. மொதல்ல நீரு எடும்."

"கடை வச்சிருக்கவன் எடுத்தா யாவாரத்துலயும் இப்படித்தான் அடிக்கான்னு சொல்லுவானுவ. சுடலைக்கண்ணு எடுக்கட்டும்."

எங்க அண்ணன் மாவு ஒட்டுன மீசையத் தடவிக்கிட்டு, "எனக்கு எதுனாலும் சரிதான் அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டு மில்லுக்குள்ள போயிட்டாரு.

எனக்கு வந்த கோவத்துக்கு அந்த பெஞ்சக் கடிச்சுத் துப்பியிருப்பேன். கடைசியில ஒரு நாளு எபநேசர் அண்ணாச்சிதான் துணிஞ்சு பெரிய வெல்லக்கட்டியத் தொட்டாரு. பொழுது சாயுறதுக்குள்ள அவருக்கு "முழுக்கட்டி"ன்னு பேரு விழுந்துருச்சு. மறுநாளு அவரு சின்னதத் தொட்டாரு, அதுக்கு மறுநாளு பெருசு, அப்புறம் சின்னது. இஞ்சிய விட ஏலக்கா, ஏலக்காய விட சுக்கு, சுக்க விட இஞ்சின்னு சுத்திச் சுத்தி வந்து நின்னாரு. எங்க சென்டர்ல இப்படி வட்டம் போடுற ஆளு மாட்டுனா மிஷினு தெணறிப் போயி அதே ஜோடிய மறுபடி மறுபடி காட்டும். அம்மனும் தெணறுனா. ஒரே ஜோடி மறுபடி வந்துச்சு, மறுபடி மறுபடி வந்துச்சு. அவளுக்கு எரிச்சல் வந்தா எப்படித் தெரியும்னா, வாழைநாருக் கட்டு இறுகிப் போயிருக்கும். ஊருல பாதிப் பேருக்கு நகம் பேந்து போச்சு. எனக்கு அவ மேல பரிதாபம் வந்துச்சு. கேட்டுக் கேட்டு, தப்புப் பதிலா வாங்கி வாங்கி, அத வச்சே ஆசையாக் குடுத்து, குடுத்ததப் பாத்து ஒருத்தர் மூஞ்சியிலயும் சிரிப்பு இல்லன்னா, யாருக்குத்தான் கட்டு இறுகாது?

இப்படி எல்லாம் போய்க்கிட்டு இருக்கும்போதுதான் மதினிக்கு வேலைக்கு உத்தரவு வந்துச்சு.

வடிவு மதினி சர்க்கார் பரிச்சை எழுதியிருந்தா. மில்லு ஓடுற சத்தத்துல வேற எதுவும் காதுல விழாது, படிக்க அதான் நல்ல எடம்னு மொளகா மூட்டைக்குப் பின்னால ஒக்காந்து, தும்மிக்கிட்டே, மூணு தடவை எழுதி மூணாவதுல பாஸ் பண்ணியிருந்தா. தருமபுரிக்கு அங்கிட்டு ஒரு தாலுகா ஆபீஸ்ல எளநிலை உதவியாளர் வேலை. வர்ற திங்கக்கெழமைக்குள்ள போயி சேரணும், சேரலன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும். அவ அத எத்தனை ஆசையா வச்சிருந்தான்னு எனக்குத் தெரியும். தபால்காரரு நீட்டுனதும் உள்ள போயி கையக் கழுவிட்டு வந்து வாங்குனா, வாங்கி மோந்து பாத்தா.

அண்ணன்கிட்ட நீட்டுனா. அண்ணன் படிச்சாரு, மீசையத் தடவுனாரு.

"ஒன் இஷ்டம்ளா வடிவு."

"நீங்க சொல்லுங்க."

"நான் என்ன சொல்ல? நீ படிச்ச, நீ எழுதுன. ஒன் இஷ்டம்."

"ஒங்களுக்குக் கஷ்டம்னா வேண்டாங்க."

"எனக்கு என்ன கஷ்டம்? நீ போணும்னா போ, இருக்கணும்னா இரி. எனக்கு எதுனாலும் சரி."

"எனக்கும் எதுனாலும் சரிதாங்க."

நான் நடுவுல ஒக்காந்து கழுத்த அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பித் திருப்பி, ஏதாவது ஒண்ணச் சொல்லித் தொலைங்களேன்னு அலறுனேன். ரெண்டு பேரும் என்னையப் பாத்து ஒண்ணு போல "நீ சும்மா இரி கோமு"ன்னாங்க, அதுல மட்டும் ரெண்டு பேருக்கும் ஒரே முடிவு. கடைசியில அண்ணன், எந்திரிச்சு வேட்டிய ஒதறிக் கட்டிக்கிட்டு, "அம்மன்கிட்டயே பூக் கட்டிப் போட்டுப் பாத்துருவோம்"னாரு.

வெள்ளிக்கிழமை காலையில ஊரே குளக்கரையில கூடிருச்சு. ரொம்ப நாளு கழிச்சுப் பூசாரிக்கு வேலை வந்திருக்கு, மனுசன் பட்டுக் கரை வேட்டியெல்லாம் கட்டிக்கிட்டு, ஒரு எலையில வெள்ளை நந்தியாவட்டை, ஒரு எலையில செவ்வரளி, எல்லாருக்கும் காட்டிக் காட்டி மடிச்சாரு. "வெள்ளைன்னா வேலைக்குப் போ, செவப்புன்னா வீட்டுல இரி, அம்மா தாயே நீதான் சொல்லணும்"னு அம்மன் காலடியில போட்டுட்டு, கும்பிட்டுக் கண்ணத் தொறந்தாரு. தொறந்தவரு அப்படியே நின்னுட்டாரு. அவரு போட்ட பொட்டலம் அங்க இல்ல. அந்த எடத்துல வேற ரெண்டு இருந்துச்சு. ஒண்ணு தேக்கு எலையில கட்டுனது, சின்னப் புள்ளை தலை அளவுக்குப் பெருசு. இன்னொண்ணு ஒத்தப் பூவரச எலை, கட்டைவெரல் தண்டி. கட்டு அவுக்காமலே ஒண்ணத் தொடணும் போல, ஏன்னா முடிச்சு எங்க இருக்குன்னே தெரியாத அளவுக்கு நாரு இறுகிக் கெடந்துச்சு.

"பதில் சொல்ல மாட்டேன்னுட்டா. திருப்பிக் கேக்கா"ன்னாரு பூசாரி மெல்ல.

மதினி முன்னால போனா. அவ கை எங்க போகும்னு எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும், பிறந்ததுல இருந்து போற எடத்துக்குத்தான் போகும். போச்சு. மெதுவா, பழகுன மாடு வீட்டுக்குத் திரும்புற மாதிரி, சின்னப் பொட்டலத்தப் பாத்துப் போச்சு.

"பெருசு மதினி! பெருச எடு!"ன்னு நான் கத்திட்டேன்.

அப்புறம் கூட்டத்துக்குள்ள இருந்து எபநேசர் அண்ணாச்சி, "பெருச எடு தாயி, நான் ஒருத்தன் மட்டும் பேரு வாங்குனாப் போதுமா, நீயும் வாங்கு!"ன்னாரு. யாரோ சிரிச்சாங்க. அப்புறம் வாய்க்காத் தெருப் பொம்பளைக, "எடு வடிவு, பெருச எடு"ன்னாங்க. அப்புறம் ஊரே. அவங்கவங்க வாசல்ல ஒரு நாளும் பெருசத் தொடாத ஊரு, அவங்கவங்க தட்டுல கருகலத் தின்ன ஊரு, கிழிஞ்ச சீட்டுல ஒக்காந்து வந்த ஊரு, தன் கையால முடியாதத அவ கையாலயாவது எடுத்துப் பாத்துரணும்னு தொண்டை கிழியக் கத்துச்சு. எனக்கு அழுகையே வந்துருச்சு, கடைசியில ஊரு கேட்டுருச்சே, என் பேச்ச ஊரு கேட்டுருச்சே!

மதினி கை நடுவுல நின்னுச்சு. திரும்புச்சு. பெருசத் தொட்டா.

கட்டு தானா அவுந்துச்சு. தேக்கு எலை விரிஞ்சுது. உள்ள ஒரு சாதக் கரண்டி. புதுசு, வெள்ளி மாதிரி மினுங்குச்சு, காம்புல பூவேலை.

பக்கத்துல இருந்த சின்னப் பொட்டலம் சருகாகிக்கிட்டே வந்துச்சு, அது முழுக்கக் காயுறதுக்கு முன்னால எலை நரம்பு வழியா ஊதாக் கலருல ஒரு ஈரம் ஊறிப் பரவுச்சு. ரப்பர் ஸ்டாம்பு மை. சர்க்கார் ஆபீஸ் மை. அந்த வாசம் எனக்கு நின்ன எடத்துல வந்துச்சு. அப்புறம் அதுவும் காஞ்சு போச்சு.

பூசாரிதான் பேசுனாரு, பேச்சு மாதிரி இல்ல, மொனங்கல் மாதிரி. "இத்தனை நாளு நம்மளப் படிச்சவ, இவ கை சின்னதுக்குத்தான் போகும்னு அவளுக்குத் தெரியாதா? இந்த ஒரு தடவை கைய நம்பி இவ மனசுல உள்ளத அந்தச் சின்னதுக்குள்ள வச்சிருக்கா. நாம கத்திக் கெடுத்துட்டோம்."

எனக்கு அங்கயே குளத்துல விழுந்துரலாம் போல இருந்துச்சு. இது எந்த ஊரு நியாயம்? பொய் சொன்னப்போ அப்படியே நம்புனா. எங்க பொய்ய அவ புரிஞ்சுக்கிட்டப்போ நாங்க உண்மை சொல்லிட்டோம். அம்மன் இந்தப் பக்கம் வந்தா நாங்க அந்தப் பக்கம் போறோம், நாங்க இந்தப் பக்கம் வந்தா அவ அந்தப் பக்கம் போறா, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் தேடிக்கிட்டு ஒரே குளத்தச் சுத்திச் சுத்தி ஓடிக்கிட்டே இருக்க வேண்டியதுதானா?

மதினி கரண்டியப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. அவ கழுத்து செவந்துச்சு, அப்புறம் காது செவந்துச்சு. அவளுக்குக் கோவம் வந்து நான் பாத்ததே இல்ல, அதனால மொதல்ல அது என்னன்னே எனக்குத் தெரியல, காய்ச்சலோன்னு நெனச்சேன்.

"ஏளா"ன்னா. அம்மனப் பாத்துத்தான் சொன்னா. பூசாரி காதப் பொத்திக்கிட்டாரு. "ஏளா, நீயும் பொம்பளதான? இத்தனை நாளா ரெண்டு ரெண்டா நீட்டுனியே, இதுவா அதுவா, இதுவா அதுவான்னு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ஒனக்கு என்னட்டி வேணும்னு கேட்டியா? நீ நீட்டுன ரெண்டுல ஒண்ணுதான் எனக்குப் பிடிச்சிருக்கணுமா? ரெண்டும் பிடிக்கலன்னா நான் எங்க போயி சொல்ல?"

மூச்சு வாங்குச்சு அவளுக்கு. சத்தம் எறங்குச்சு.

"நானும் சொல்லல. யாரும் கேக்கலன்னு நானும் வாயத் தொறக்கல. சரி. இப்போ சொல்லுதேன். எனக்கு அந்த வேலைக்குப் போணும். இந்த ஊர விட்டு, யாருக்கும் எம்பேரு தெரியாத ஒரு எடத்துல எனக்குன்னு ஒரு நாற்காலியில ஒக்காரணும். எனக்கு நடுத்துண்டு மீனு வேணும். போதுமா?"

கோயில் மணி அசையல. பூ விழல. பல்லி சொல்லல. அம்மன் ஒண்ணுமே சொல்லல.

மதினி திரும்பி அண்ணனப் பாத்தா. அண்ணன் மீசையத் தடவுனாரு. "எனக்கு... எனக்கு இதுல சம்மதந்தாம்ளா வடிவு. எதுனாலும் எனக்கு..."

"சம்மதமான்னு கேக்கலங்க. தருமபுரிக்கு பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு கேக்கேன்."

அந்தக் கரண்டிய அவரு கையில குடுத்தா. அவரு அதத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு.

ஞாயித்துக்கெழமை நானும் அண்ணனும் திருநெவேலி வரைக்கும் போயி அவள ஏத்திவிட்டோம். ஊரு எல்லையத் தாண்டுனதும் பஸ் சீட்டு தச்சுக்கிட்டதப் பாத்துட்டு மதினி நல்லா சாஞ்சு ஒக்காந்தா. புது பஸ்ஸ்டாண்டுல சேலம் வண்டி நின்னுக்கிட்டு இருந்துச்சு, அவ ஏறி ஒக்காந்துட்டா, அண்ணன் கீழ நின்னு எதாவது செய்யணுமேன்னு கையப் பெசைஞ்சாரு. ஜன்னலத் தட்டுனாரு.

"வழிக்கு இட்டிலி வாங்கட்டாளா, இல்ல புளிசாதம் வாங்கட்டா?"

மதினி யோசிச்சா. டிரைவர் வண்டிய எடுக்க ஹாரன் அடிச்சுட்டாரு, அவ அவசரப்படல, நெத்தியச் சுருக்கி, கடை கடையாக் கண்ண ஓட்டி, நல்லா யோசிச்சா.

"அல்வா"ன்னா. "அரைக் கிலோ. சூடா."

அண்ணன் ஓடுனாரு. மாவு மில்லுக்காரரு ஓடி நான் பாத்ததில்ல, கூட்டத்த இடிச்சுக்கிட்டு ஓடிப் போயி, கடைக்காரரு பாதி மடிச்சத அப்படியே பிடுங்கிட்டு வந்து, நகர்ற வண்டியில ஜன்னல் வழியாத் திணிச்சாரு. மதினி பிரிச்சு ஒரு வாய் போட்டுக்கிட்டு, நெய் ஒழுக, எங்க ரெண்டு பேரையும் பாத்து என்னமோ சொன்னா, வாய் நெறைய இருந்ததால புரியல. வண்டி திரும்பி மறைஞ்சு போச்சு.

அண்ணன் மூச்சு வாங்கிக்கிட்டே வேர்வையத் தொடைச்சாரு. அப்புறம் என் பக்கம் திரும்புனாரு. அவரு கண்ணுல ஒரு பிரகாசம், புதுசா ஒண்ணக் கத்துக்கிட்ட ஆளு மாதிரி. "கோமு, ஒனக்கு என்ன வேணும், சொல்லு"ன்னாரு. இதுவா அதுவான்னு கேக்கல! பொட்டலம் எதையும் நீட்டல! என்ன வேணும்னு கேட்டாரு! எத்தனை நாளு பெஞ்சு மேல ஏறி நின்னு நான் கத்துனது இதுக்குத்தான! என் முன்னால கடை கடையா, தெருப் பூரா, ஊர் பூரா சாமான் தொங்குது, அடுக்கி இருக்கு, மணக்குது, எல்லாத்தையும் பாத்தேன், நல்லாவே பாத்தேன், வாயத் தொறந்தேன்.

"எதுனாலும் சரிண்ணே"ன்னேன்.